தொழிலகப் பல்வகைமையும் அதனை அளக்கும் முறையும்: மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு தொழிலகத்தில் ஆணும் பெண்ணும், வேறு வேறு மொழியினரும் மதத்தினரும், இளையோரும் முதியோரும் ஒருங்கே வேலை செய்வராயின், அந்நிலையை ஊழியர் பல்வகைமை என முகாமைத்துவ நூலார் வழங்குவர். அப்பல்வகைமையை ஒரு நிறுவனம் எத்துணைச் செம்மையாக ஆளுகின்றது என்பதை எண்ணினால் அளந்து காட்டவேண்டும் என்னும் கொள்கை சென்ற சில பதிற்றாண்டுகளாக உலகெங்கும் வலுப்பெற்று வந்துள்ளது. பெருங் கம்பனிகள் தம் ஆண்டறிக்கைகளில், ஊழியருள் மகளிர் நூற்றுக்கு எத்தனை பேர், முகாமையாளருள் எத்தனை பேர் என அட்டவணை இட்டுக் காட்டுகின்றன. 2021ஆம் ஆண்டிலே சர்வதேச நியம நிறுவனம் இதன் பொருட்டு 30415 என்னும் இலக்கமுடைய நியமம் ஒன்றையும் வெளியிட்டது. இவையெல்லாம் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய அலுவலகங்களுக்கே உரியன என்று வட்டவளையில் வாழும் எம்போன்றோர்க்குத் தோன்றலாம். உண்மை அதுவன்று. பல திறப்பட்ட மக்களை ஒரே நிருவாகத்தின்கீழ் வைத்து வேலைகொள்ளுதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் இடங்களுள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும் சேரும். அவற்றை உரைகல்லாகக் கொண்டு, இப்புதிய அளவைகள் எதனை அளக்கின்றன, எதனை அளவாது விடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அளத்தல் என்றவுடன் எண்ணுதலே பலர்க்கும் நினைவுக்கு வரும். எண்ணுதல் அளவையின் தொடக்கமேயன்றி முடிவன்று. வரவு இடாப்பைப் பார்த்து, வகுப்பில் உள்ள நாற்பது மாணவருள் முப்பத்தெட்டுப் பேர் வந்துள்ளனர் என்று அறியலாம். அவர்கள் கற்றனரோ என்பதை அவ்விடாப்புக் கூறமாட்டாது. அன்றியும், வித்தியாதிகாரி வரும் நாளில் இடாப்பு மிகத் துப்புரவாக இருக்கும் என்பதை ஆசிரியத் தொழில் புரிவோர் யாவரும் அறிவர். பல்வகைமை பற்றி இன்று வெளிவரும் அறிக்கைகளுட் பலவும் வரவு இடாப்பின் இனத்தைச் சேர்ந்தவையே.

எண்ணி அளக்கும் முறைகளுட் பெரிதும் வழங்குவது ஒரு சிறு சூத்திரம். 1949ஆம் ஆண்டில் எட்வேட் சிம்சன் என்னும் பிரித்தானியப் புள்ளிவிபர அறிஞர், ஒரு கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருவரை எடுத்தால் அவ்விருவரும் ஒரே வகையினராய் இருத்தற்குரிய நிகழ்தகவு யாது என்று வினவி, அதற்கு விடை கண்டார். ஒவ்வொரு வகையினரும் மொத்தத்தில் எப்பங்கினர் என்று பார்த்து, அப்பங்குகளை வர்க்கித்துக் கூட்டுவதே அவ்விடை. 1977இல் பீற்றர் பிளௌ என்னும் சமூகவியலார், அத்தொகையை ஒன்றிலிருந்து கழித்து வருவதை மக்கட் கூட்டங்களின் பல்வகைமைக்கு அளவாக எடுத்தாண்டார். எல்லாரும் ஒரே வகையினராயின் விடை சுழியம். இரு வகையினர் சரிபாதியாக இருப்பின் விடை 0.5, இரு வகைகளுக்கு அதுவே மேலெல்லை. காட்டிலுள்ள செடிகொடிகளின் வகைகளை ஆராய்வோரும் இதே கணக்கைக் கையாளுகின்றனர். செடிகளுக்குள்ளே கங்காணியும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை என்னும் வேற்றுமையை மட்டும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இச்சூத்திரத்தைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இலங்கைத் தோட்டத் தொழிலாளருட் பாதிக்கு மேற்பட்டோர் மகளிர். விளக்கத்தின் பொருட்டு, ஒரு தோட்டத்தில் 60 பெண்களும் 40 ஆண்களும் தொழிலாளராக உள்ளனர் எனக் கொள்வோம். 0.6இன் வர்க்கம் 0.36, 0.4இன் வர்க்கம் 0.16, கூட்டினால் 0.52, ஒன்றிலிருந்து கழித்தால் 0.48. மேலெல்லை 0.5 ஆதலின் இத்தோட்டம் ஏறத்தாழ முழுப் புள்ளி பெற்றுவிட்டது. இனி, அந்நூறு பேரையும் மேற்பார்வை செய்யப் பத்துக் கங்காணிமார் உளர். பதின்மரும் ஆண்கள் எனக் கொள்வோம். அவர்களையும் சேர்த்து 110 பேருக்குக் கணக்கிட்டால் 60 பெண்கள், 50 ஆண்கள், விடை 0.496. அஃதாவது, மேற்பார்வைப் பதவிகள் முழுவதையும் ஆண்களுக்கே கொடுத்ததனால் அத்தோட்டத்தின் பல்வகைமைப் புள்ளி குறையவில்லை, கூடியிருக்கின்றது! கங்காணிமாரை மாத்திரம் தனியே எடுத்துக் கணக்கிட்டால் விடை சுழியம். ஒரே தோட்டம், ஒரே சூத்திரம். எவ்விடத்திற் கோடு கிழித்து எண்ணுகின்றோம் என்பதைப் பொறுத்து முழுப் புள்ளியும் வருகின்றது, சுழியமும் வருகின்றது.

இவ்வாறு நேர்தற்குக் காரணம் தோட்டம் அமைந்த வரலாற்றிலேயே உண்டு. தோட்டங்களிற் பல்வகைமைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பெரிய துரையும் சின்னத்துரையும் பிரித்தானியர். எழுதுவினைஞர், கணக்கப்பிள்ளை, தேயிலை ஸ்டோர் அலுவலர் முதலிய உத்தியோகத்தருள் யாழ்ப்பாணத்தார், மலையாளத்தார், சிங்களவர், பறங்கியர் எனப் பலர். பெரியாங்கங்காணியும் சில்லறைக் கங்காணிமாரும் தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வந்தோர். கொழுந்து கொய்தோர் அவ்வாறு கட்டிவரப்பட்டோர். இத்துணை வகையினரும் ஒரு மலையில் இருந்தனர்; ஆயினும் ஒவ்வொரு வகையினர்க்கும் ஒவ்வொரு படி. படிகளுக்கிடையே ஏணி இல்லை. லயங்களிலும் சாதிவாரியாகக் குடியிருத்திய வழக்கம் உண்டு. கங்காணிமார் பெரும்பாலும் மேற்சாதியினராகவும், தொழிலாளருட் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தனர் என்பதை ஆர். ஜெயராமன் 1975இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் விரித்துக் காட்டியுள்ளார். ஆளைக் கணக்கிடுவதிலும் அக்காலத்து நிருவாகம் மிக வல்லது. பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் எனப் பெரியாங்கங்காணிக்குக் கொடுக்கப்பட்ட தொகைக்குப் பென்ஸ்காசு என்று பெயர். தலையை எண்ணுதலும் மனிதரைப் பேணுதலும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பங்களாவில் இருந்தவர் மாறினார். மலையில் நின்ற படிகள் பெரும்பாலும் மாறவில்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டான் ரிவர் மின்னிலையத்தில் வழக்கொன்று எழுந்த வேளையில், அங்கு வேலைசெய்த 95 பேருள் 14 பேர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். தலையை எண்ணினால் இகழத்தக்க தொகையன்று. ஆனால் 1965ஆம் ஆண்டு வரை அவர்கள் அந்நிலையத்தின் ஐந்து பகுதிகளுள் கூலிவேலைப் பகுதி ஒன்றிலேயே அமர்த்தப்பட்டனர். அப்பகுதியில் மிக உயர்ந்த சம்பளம், ஏனை நான்கு பகுதிகளின் மிகத் தாழ்ந்த சம்பளத்தினும் குறைவாயிருந்தது. இனப்பாகுபாட்டைச் சட்டம் விலக்கிய பின்னர், மேற்பகுதிகளுக்குச் செல்ல உயர்பாடசாலைச் சான்றிதழோ எழுத்துத் தேர்வோ வேண்டும் என்று கம்பனி விதித்தது. கிரிக்ஸ் என்பாரும் பிறரும் தொடுத்த இவ்வழக்கில் 1971இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது: ஒரு விதி பார்வைக்கு எல்லார்க்கும் பொதுவாயிருந்தாலும், அதன் விளைவு ஒரு சாராரைத் தடுப்பதாகவும், அவ்விதி வேலைத்திறனோடு தொடர்பற்றதாகவும் இருப்பின் அது செல்லாது. நோக்கத்தை விட்டு விளைவை அளக்கும் முறை இத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

விளைவை எவ்வாறு அளப்பது? 1978இல் அமெரிக்க அரசாங்கம் வகுத்த வழிகாட்டு விதிகளில் ஐந்தில் நான்கு என்னும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பதவிக்குத் தெரிவு செய்யப்படும் வீதம் எவ்வினத்தார்க்கு மிக உயர்ந்ததோ, அவ்வீதத்தின் ஐந்தில் நான்கு பங்கினும் இன்னோர் இனத்தார்க்குரிய வீதம் குறையுமாயின், ஆங்கே பாகுபாட்டுக்கு அறிகுறி உண்டு என்று கருதப்படும். முற்கூறிய கற்பனைத் தோட்டத்தையே மீண்டும் கொள்வோம். பத்தாண்டுகளில் 40 ஆண்களுள் 8 பேரும், 60 பெண்களுள் ஒருவரும் கங்காணி ஆயினர் எனின், ஆண்களின் வீதம் நூற்றுக்கு 20. பெண்களின் வீதம் நூற்றுக்கு இரண்டிலுங் குறைவு. ஐந்தில் நான்கு எங்கே, பன்னிரண்டில் ஒன்று எங்கே! பெண்கள் அப்பதவியை விரும்புவதில்லை என்று விடை கூறுவோர் உளர். அதிகாலையில் எல்லார்க்கும் முன்னதாகப் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்பது பதவிக்குரிய நிபந்தனை எனவும், அதே வேளையில் சமைத்து முடித்துக் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதும் அவள் கடமை எனவும் இருப்பின், விருப்பம் என்னும் சொல்லுக்கு அங்கே பொருள் யாது? எமது வகுப்புக்களில் எண்கணிதத்தில் முதல்வராய் நிற்போர் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். கொழுந்துக் கணக்கு எழுதுதற்கு அவ்வெண்கணிதமே போதும்.

இனிச் சம்பளத்தை நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் குறைந்த கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். பெண்ணின் கூலி ஆணின் கூலியில் நூற்றுக்கு 80 வீதமளவு. இவ்வேற்றுமையைச் சட்டமே எழுதி வைத்திருந்தமையால் அதனை அளத்தற்குப் பெரும் ஆய்வு வேண்டியதில்லை. ஒத்த மதிப்புள்ள வேலைக்கு ஒத்த ஊதியம் என்னும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சமவாயம் 1951இல் தோன்றியது. தோட்டங்களில் இருபாலார்க்கும் நாட்சம்பளம் சமமானது 1984இல். அச்சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதி செய்தது 1993இல். 2021ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் 1000 ரூபா என விதிக்கப்பட்ட நாட்சம்பளமும் இருபாலார்க்கும் ஒன்றே. ஆகவே, நாளை அலகாகக் கொண்டு அளப்பின் வேற்றுமை சுழியம். அறிக்கையில் அவ்வாறே எழுதலாம்.

ஆனால் நாள் என்பது எல்லார்க்கும் ஒரே நீளமுடையதன்று. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல், மருந்தடித்தல் முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் இவ்வளவு என்று அளந்து விடப்படுவன. அவ்வளவை முடித்தவர் பிற்பகலின் தொடக்கத்திலேயே வீடு திரும்பலாம். கொழுந்து கொய்பவள் மாலை நிறுவை முடியுமட்டும் மலையில் நிற்கவேண்டியவள். குறித்த கிலோ நிரம்பாவிடின் அவளுக்கு முழுப் பேர் விழாது. அரைப் பேரே விழும். வட்டவளையோ நாட்டில் மிகுந்த மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. மழை நாளிற் கொழுந்தின் ஈரத்துக்கென்று கழிக்கப்படும் நிறை வேறு. ஆண் ஆறு மணி நேரத்திலும் பெண் எட்டு மணி நேரத்திலும் ஒரே 1000 ரூபாவை ஈட்டுகின்றனர் எனக் கொண்டால், மணி ஒன்றுக்கு ஆணுக்கு ஏறக்குறைய 167 ரூபா, பெண்ணுக்கு 125 ரூபா. பெண்ணின் ஊதியம் ஆணினதில் நூற்றுக்கு 75. சட்டம் வெளிப்படையாகவே வேற்றுமை காட்டிய 1929ஆம் ஆண்டின் விகிதத்தினும் இது தாழ்ந்திருக்கின்றது. இரண்டும் ஒரே வகைக் கணக்கல்ல என்பது உண்மையே. அக்காலத்திலும் வேலை நேரம் சமமாய் இருந்திராது. எனினும் அலகை மாற்றியவுடன் சமத்துவம் எவ்வாறு கரைகின்றது என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

பிரித்தானியாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்விடத்தில் நன்கு சிந்தித்து வகுக்கப்பட்டவை என்றே கூறவேண்டும். 250 ஊழியரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள நிறுவனங்கள், ஆண் பெண் ஊதிய வேற்றுமையை மணிக்கணக்கிலே ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். அன்றியும், ஊழியர் அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நான்கு சம பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மகளிர் எத்தனை வீதத்தினர் எனவும் காட்டல் வேண்டும். படிதோறும் எண்ணுதல் என்று நாம் மேலே கூறியது இதுவே. இம்முறையைத் தொழிலாளி முதல் பெரிய துரை வரை ஒரு தோட்டம் முழுவதற்கும் கையாண்டால் விளைவு என்னவாகும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

மொழியைப் பற்றி அளவை நூல்கள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன. மலைநாட்டில் அது சிறு செய்தியன்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் உள்ளது இது. தோட்டத்தில் அளக்கவேண்டியது வேறு: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம், மருந்துப் போத்தலின்மேல் ஒட்டிய குறிப்பு ஆகிய நான்கையும், அவற்றைப் பெறுவோர் பிறர் உதவியின்றி வாசித்தறிய முடிகின்றதா? நூறு பேரைக் கேட்டு எத்தனை பேர் ஆம் என்றனர் என்று எழுதினால் அதுவே ஓர் அளவை. நஞ்சு கலந்த மருந்தை முதுகிற் சுமந்து செல்பவன் அதன் குறிப்பை வாசிக்கமாட்டாதவனாயின், அத்தோட்டத்தின் மொழிக் கொள்கை எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் பயன் யாது? பத்தாண்டு இங்கே இருந்தும் துரைத்தனத்துக்கு வேண்டிய பத்துச் சொற்களுக்கு மேல் தமிழ் அறியாத அதிகாரிகளையும், அவ்வாறே சிங்களத்தில் ஒரு விண்ணப்பம் எழுதமாட்டாத நம்மவரையும் எண்ணுங்கால், இவ்வளவை இரு பக்கமும் நீட்டவேண்டியதே.

இனி, அளவைகளுள் மிக வழுக்கலானது முறைப்பாடு. ஆண்டு முழுவதும் ஒரு முறைப்பாடும் வரவில்லை என்று எழுதும் நிறுவனம் தன்னை நிறைவான நிறுவனமாகக் கருதிக்கொள்ளும். முறைப்பாடு இன்மை அச்சத்தாலும் வரும். யாரிடம் சொல்வது என்று அறியாமையாலும் வரும். சொல்லிப் பயனில்லை என்னும் அனுபவத்தாலும் வரும். முறைப்பாட்டை ஏற்கும் கங்காணியே முறைப்பாட்டுக்கு உரியவனாயின் சுழியம் தவிர வேறு எவ்வெண் வரும்? தேயிலைத் தோட்டங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் என்னும் தாபனம் தனது 2020ஆம் ஆண்டு நியமத்தில் இதனை உணர்ந்து முறையை மாற்றியது. பாகுபாடு, தொல்லை முதலியன காணப்பட்டவுடன் சான்றிதழை மறுத்தல் என்னும் கண்டிப்பு, குறைகளை மறைக்கவே தூண்டியது. ஆதலின், குறை எழக்கூடிய இடங்களை முன்னரே ஆராய்தல், எழுந்ததைக் கண்டுபிடித்துத் திருத்துதல், அதற்கெனத் தோட்டத்திலே குழு அமைத்தல் என்னும் வழியை அது மேற்கொண்டது. இவ்வழியில், முதலாண்டில் முறைப்பாடுகள் கூடுதல் நற்குறியாகவும் கொள்ளப்படலாம். பரீட்சையிற் பிழை விடும் மாணவனை அடிப்பதாயின் வெற்றுத் தாளே கைக்கு வரும்.

முறைப்பாட்டின் வழி அடைபட்டால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளத்து மூணாறு அண்மைக் காலத்துச் சான்று. அங்குள்ள கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பனி 2005ஆம் ஆண்டு முதல் தொழிலாளர்களும் பங்குதாரராய் அமைந்தது. அவ்வகையில் அது புகழப்பட்டதுமாகும். தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கங்கள் பல இருந்தன, தலைவர்கள் ஆண்கள். 2015ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் 20 வீத மிகையூதியம் கேட்டு அப்பெண்கள் தாமாகவே வீதியில் இறங்கினர். தம் பொருட்டுப் பேசவந்த சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் நின்று, ஒன்பது நாட்களிற் கோரிக்கையை வென்றனர். அதற்கு முதல் மாதம் பல்வகைமை அளக்கும் அதிகாரி ஒருவர் அங்குச் சென்றிருப்பின், பெண்கள் பெரும்பான்மை, பங்குரிமை உண்டு, சங்கங்கள் உண்டு எனக் குறித்துக்கொண்டு மனநிறைவோடு மலையிறங்கியிருப்பார். சங்க நிருவாகத்திலும் படிதோறும் எண்ணவேண்டும் என்பது இந்நிகழ்ச்சியாற் பெறப்படும். நமது மலைநாட்டுச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. சந்தா செலுத்துவோருள் மகளிர் எத்தனை பேர், தலைமைப் பதவிகளில் எத்தனை பேர் என்னும் இரு எண்களை அருகருகே எழுதிப் பார்த்தல் தகும்.

சில வேற்றுமைகள் எந்தப் படிவத்திலும் இடம்பெறா. சாதி அத்தகையது. இலங்கையின் சனத்தொகைக் கணக்கெடுப்பு அதனைக் கேட்பதில்லை. கம்பனிப் படிவமும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்று நாம் கூறவும் துணியோம். எழுதி வைத்த சாதி அழியாது நின்றுவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும், கேளாததனால் அஃது இல்லை என்று அறிக்கை எழுதுதல் வேறு செய்தி.

இவ்வாறு அளத்தற்குப் புதிய ஏடுகள் மிகுதியும் வேண்டா. யார் எந்நாள் எவ்வேலைக்கு வந்தார் என்பதைச் செக்ரோல் கூறும். கொழுந்து நிறுவைக் கணக்கு, கழிக்கப்பட்ட கிலோவைத் தனியே காட்டுமாறு எழுதப்படின், யார்மீது கழிவு மிகுதியாய் விழுகின்றது என்பதைக் கூறும். முற்காலத்தில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெற்றுச்செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தமையால், சம்பளப் பதிவேட்டில் உள்ள கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். எல்லாவற்றினும் முதன்மையானது, தொழிலை விட்டு விலகியோரின் பதிவு. இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும், இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் சென்ற வண்ணம் உள்ளனர். தோட்டங்களில் ஆட்பற்றாக்குறை என்று கம்பனிகள் வருந்துகின்றன. பெயர் வெட்டப்படும் ஒவ்வொருவரிடமும், நீர் ஏன் செல்கின்றீர் என்று அவர் மொழியிலே, அவருடைய மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் கேட்டு, அவ்விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைப்பாராயின், மூன்றாண்டுப் பதிவுகளைப் பால், வயது, படி என்று பிரித்து வாசித்தல் ஒரு மாலைப் பொழுது வேலையே. அதற்கு வேண்டிய செலவு, பதிவேட்டில் இன்னும் ஒரு நிரலுக்குக் கோடு இழுத்தல்.